வெண்ணெய்நல்லூர் வழக்கும் மதுரை வழக்கும்: சான்றியல் நோக்கில் ஓர் ஆய்வு

பல்கலைக்கழகத்திற் சட்டம் பயிலும் மாணவர் கற்கவேண்டிய பாடங்களுள் சான்றியற் சட்டமும் ஒன்றாகும். குற்றம் யாது, உரிமை யாது, கடமை யாது என வரையறுப்பன ஏனைய சட்டங்கள். அக்குற்றம் நிகழ்ந்தது என்பதையோ அவ்வுரிமை உளது என்பதையோ நீதிமன்று எவ்வாறு அறிதல் வேண்டும் என வரையறுப்பது சான்றியற் சட்டம். எதனைச் சான்றாகக் கொள்ளலாம், எதனைத் தள்ளல் வேண்டும், எண்பிக்கும் பொறுப்பு யாரைச் சாரும், மூல ஆவணம் கிடையாதவிடத்து அதன் படியை எப்பொழுது ஏற்கலாம் என்பன போன்ற வினாக்களுக்கு அது விடை கூறும். பரீட்சைக்காகப் பிரிவுகளை மனனஞ் செய்யும் மாணவனுக்கு அது வறண்ட விதிகளின் தொகுதியாகவே தோன்றும். ஆயின், ஒருவன் சொல்லை நம்பி மற்றொருவனது உயிரையோ பொருளையோ பறிக்குமுன் அறிவுடையோன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாக்களே அவ்விதிகள் என்பதை உணர்ந்தோன் அதனை வேறு கண்கொண்டு நோக்குவான்.

இலங்கையில் இச்சட்டம் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தில் அடங்கியுள்ளது. இந்தியாவில் 1872 இல் நிறைவேறிய சான்றுச் சட்டமே அதற்கு முன்மாதிரி. அதனை வகுத்தவர் ஜேம்ஸ் பிற்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர். இந்தியாவில் 2024 ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் புதிய சட்டமொன்று அதன் இடத்தைப் பெற்றது. இலங்கையிலோ 1895 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒலிப்பதிவுகளும் கணினிப் பதிவுகளும் சான்றாதற்கு 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் தனியே வழிசெய்தது.

இக்கட்டுரையாளன் சட்டம் பயின்றவனல்லன், தமிழ் கற்பிப்பவன். சட்டம் பயிலப் புகுந்த பழைய மாணவர் ஒருவரிடம் இக்கட்டளைச் சட்டத்தின் படியொன்றை வாங்கிப் படித்தபோது, அதன் பிரிவுகள் பல முன்னரே அறிந்தனவாகத் தோன்றின. சிந்தித்துப் பார்க்குங்கால், அவை வகுப்பறையிற் பலகாற் கற்பித்த இரு பகுதிகளில் நிகழ்வனவே என்பது புலனாயிற்று. ஒன்று, பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில் வரும் வெண்ணெய்நல்லூர் வழக்கு. மற்றொன்று, சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலும் வழக்குரை காதையிலும் வரும் மதுரை வழக்கு. முன்னதை இறைவன் திருவிளையாட்டு எனவும் பின்னதை ஊழின் செயல் எனவும் கூறி அமைதலே வழக்கம். அவ்வாறு அமைவதால் இரு புலவரும் அரிதின் அமைத்த ஒன்றை நாம் காணாது விடுகின்றோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் வெண்ணெய்நல்லூர் வழக்கை நோக்குவோம். புத்தூரிற் சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணஞ்செய்தற்கு நம்பியாரூரர் மணப்பந்தரில் இருக்கின்றார். முதிய வேதியர் ஒருவர் வந்து, தமக்கும் மணமகனுக்கும் வழக்கொன்று உண்டு, அது தீர்ந்த பின்னரே மணம் நிகழல் வேண்டும் என்கின்றார். நம்பியும் அதற்கு உடன்படுகின்றார். இவன் என் அடிமை என்று முதியவர் கூறியதும் அவையோர் நகைக்கின்றனர். நம்பியும் நகைத்து, அந்தணர் அந்தணர்க்கு அடிமையாதல் கேட்டறியாத செய்தி என்று கூறி, முதியவரைப் பித்தர் என இகழ்கின்றார். முதியவரோ நம்பியின் பாட்டனார் எழுதிக்கொடுத்த ஆளோலை தம்மிடம் உண்டு என்கின்றார். நம்பி அவரைத் தொடர்ந்தோடி, ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகின்றார். பின்னர் வழக்கு முதியவரின் ஊராகிய திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது.

அவையின் நடைமுறை ஊன்றி நோக்கத்தக்கது. அந்தணர் அடிமையாதல் இவ்வுலகில் இல்லையே என்று அவையோர் முதலில் முதியவரை வினவுகின்றனர். வழக்கின் பொருள் நம்புதற்கரியது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆயின், நம்புதற்கரியது என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டு வழக்கைத் தள்ளவுமில்லை. அடுத்து நம்பியை நோக்கி, உம் முன்னோர் இசைந்து எழுதிய ஓலையை வலிதிற் கிழித்தல் வழக்கை வெல்லும் வழியாகுமோ என்று கேட்கின்றனர். தன்னிடமுள்ள சான்றை வெளிப்படுத்தாது மறைப்பவனைப் பற்றி, அது வெளிப்பட்டிருப்பின் அவனுக்குப் பாதகமாகவே இருந்திருக்கும் என ஊகிக்க நீதிமன்றுக்கு இடமளிக்கும் உதாரணம் ஒன்று நம் கட்டளைச் சட்டத்தின் 114 ஆம் பிரிவில் உண்டு. சான்றை அழித்தவன் நிலை மறைத்தவன் நிலையினும் இழிந்ததன்றோ? அவ்வூகத்தின் பலத்திலேயே அவையோர் தீர்ப்புக் கூறியிருக்கலாம். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நம்பியின் சினத்தைக் கண்டித்தனர். எனினும் சினத்தை அடிமைத்தனத்துக்குச் சான்றாகக் கொள்ளவில்லை.

நம்பியின் மறுமொழியும் கருதத்தக்கது. தாம் ஆதிசைவர் என்பதை அவையோர் அறிவர், முதியவர் தம்மை அடிமையென நிறுவுவாராயின் அது மனத்துக்கெட்டாத மாயை என்ற கருத்துப்படவே அவர் கூறுகின்றார். தம் பாட்டனார் ஓலை எழுதவில்லை என்று அவர் மறுக்கவில்லை. மறுத்தற்குரிய நேரடியறிவு அவருக்கில்லை. அறியாததை அறிந்ததாகக் கூறாத நேர்மை எதிராளியிடத்தும் உண்டு என்பதைச் சேக்கிழார் இதனாற் காட்டுகின்றார்.

இதன் பின்னரே அவை தன் விதியைக் கூறுகின்றது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டி வழக்காளியே தம் உரிமையை நிறுவவேண்டும் என்பது அவ்விதி. எண்பிக்கும் பொறுப்பு உரிமை கூறுவோனைச் சாரும் என நம் கட்டளைச் சட்டத்தின் 101 ஆம் பிரிவு கூறுவதும் இதுவே. ஆட்சி என்பது உரிமையை நெடுங்காலம் அனுபவித்து வருதல். ஆவணம் என்பது எழுத்து. காட்சி என்பது வழக்கிற் பற்றில்லாத பிறர் கண்டு கூறுவது. யாஞ்ஞவல்கிய ஸ்மிருதியும் எழுத்து, அனுபவம், சாட்சி என மூன்றையே பிரமாணங்களாக வகுத்து, இவற்றுள் ஒன்றும் இல்லாதவிடத்தே தெய்வப் பரீட்சையை நாடவேண்டும் என்கின்றது. நம் நாட்டிலும் இம்மூன்றும் பெயர் மாறாது வழங்குகின்றன. காணியுறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் சாட்சிகள் இருவர் முன்னிலையிலும் கைச்சாத்திடப்படல் வேண்டும் என்னும் விதி 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. பத்தாண்டுத் தடையற்ற ஆட்சியால் உரிமை பெறலாம் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் வழி வந்தது. கைச்சாத்து என்னுஞ் சொல்லும் சேக்கிழார் இவ்வழக்கிலே ஆண்ட சொல் என்பதை ஈழத்து மாணவர் அறிந்து மகிழலாம்.

மூன்றனுள் ஆட்சி முதியவரிடம் இல்லை. நம்பி ஒருநாளும் அவருக்கு ஏவல் செய்தவரல்லர். நரசிங்கமுனையரையர் என்னும் அரசர் மகன்மை கொண்டு வளர்த்த செல்வர் அவர். அயலார் காட்சியும் இல்லை. பாட்டனார் காலத்து நிகழ்ச்சியைக் கண்டு கூறுவார் எவரும் அவையில் முன்வரவில்லை. எஞ்சியது ஆவணம். அதுவும் கிழிந்துபோயிற்று என்று கேட்போர் எண்ணும் நேரத்தில், நம்பி கிழித்தது படியோலையே, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்று முதியவர் கூறுகின்றார். ஆவணத்தின் உள்ளடக்கத்தை அவ்வாவணத்தைக் கொண்டே எண்பித்தல் முதல் முறை. அது அழிந்தவிடத்தும் எதிராளி கையில் அகப்பட்டவிடத்துமே படியை நாடலாம் என்பது நம் சட்டத்தில் 62 முதல் 65 வரையுள்ள பிரிவுகளின் சாரம். சினங்கொள்ளக்கூடிய இளைஞன் இருக்கும் பந்தருக்குப் படியைக் கொண்டுசென்று, மூலத்தை அவைக்கெனக் காத்து வைத்த முதியவர் தேர்ந்த வழக்காளியேயாவர். மூலத்தைக் காட்டுமுன், இதனையும் இவன் வலிந்து பறியாதிருக்க உறுதி வேண்டும் என்று அவர் கேட்பதும், அவையோர் அதற்குப் பொறுப்பேற்பதும் அவ்வெச்சரிக்கையின் தொடர்ச்சியே.

ஓலையை அவைக் கரணத்தார் வாங்கிப் படிக்கின்றார். நாவலூர் ஆதிசைவனாகிய ஆரூரன், வெண்ணெய்நல்லூர்ப் பித்தனுக்குத் தானும் தன் மரபினரும் வழிவழித் தொண்டு செய்ய இசைந்து எழுதியது என்பது அதன் பொருள். இங்கே இரு பெயர்கள் உள்ளன. அவை இரண்டும் சான்றியல் நோக்கிற் சிக்கலுடையவை.

எழுதியவர் பெயர் ஆரூரன். எதிராளியின் பெயரும் அதுவே. பாட்டன் பெயரைப் பேரனுக்கிடும் மரபு நாம் அறிந்ததே. ஆகவே பெயரைக் கொண்டு மாத்திரம் ஓலை யாருடையது எனத் துணிதல் இயலாது. எழுத்தை ஆராய்தல் இன்றியமையாததாகின்றது. பெறுபவர் பெயரோ பித்தன். மணப்பந்தரில் நம்பி முதியவரை இகழ்ந்து அழைத்த சொல்லும் அதுவே. வழக்காளி இன்னார் என்பதை எதிராளியே, ஓலையைப் பாராமலும் பொருளை உணராமலும், பலரறியக் கூறிவிட்டார். வழக்குக்கு உரியோர் ஒருவர் தமக்குப் பாதகமாகக் கூறும் கூற்றை ஏற்புரை எனச் சட்டம் வழங்கும். வசைச்சொல்லை ஏற்புரையாக எந்த நீதிமன்றும் கொள்ளாது. சேக்கிழாரின் அவையும் கொள்ளவில்லை. ஆனால், கற்போர் அதனைக் காணவேண்டும் என்பதற்காகவே புலவர் அச்சொல்லைப் பந்தரில் முன்வைத்து, ஓலையிற் பின்வைத்தார் எனக் கருதலாம். வழக்கு முடிந்தபின் அவ்வசைச்சொல்லே சுந்தரர் பாடிய முதற் பதிகத்தின் முதற்சொல்லாகின்றது. இத்தொடர்பைத் திருவருளின் பெருமை என்று மட்டுங் கூறிச் செல்வோர், அதனைத் தாங்கி நிற்கும் காப்பிய அமைப்பைக் கவனியாது செல்கின்றனர்.

ஓலையைப் படித்தபின் சான்றாளராய் எழுத்திட்டோரின் எழுத்துகள் நோக்கப்பட்டு ஒக்கும் எனக் கொள்ளப்படுகின்றன. பின்னர், இது உம் பாட்டனார் எழுத்தோ எனப் பார்க்குமாறு அவையோர் நம்பியைக் கேட்கின்றனர். முதியவர் தடுக்கின்றார். பாட்டனாரின் கைச்சாத்து வேறு இருப்பின் அதனை வருவித்து, இதனோடு ஒப்புநோக்கி, கண்டதை நீங்களே கூறுங்கள் என்கின்றார். நம் கட்டளைச் சட்டத்தின் 73 ஆம் பிரிவு இதனையே கூறுகின்றது: ஐயத்துக்குரிய எழுத்தை, ஒருவருடையதென ஏற்கப்பட்ட அல்லது எண்பிக்கப்பட்ட எழுத்தோடு நீதிமன்று ஒப்புநோக்கலாம். வழக்கில் வெற்றி தோல்வியுடைய ஒருவரின் அபிப்பிராயத்தினும் இரு எழுத்துகளை அருகருகே வைத்துக் காண்பது மேலானது. அவையோர் அவ்வாறே பாதுகாப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவிக்கின்றனர். அது வழக்காளியின் மடியிலிருந்து வந்ததன்று என்பதைக் குறித்துக்கொள்க. நம்பியின் முன்னிலையிலேயே இரண்டும் ஒப்புநோக்கப்படுகின்றன, இரண்டும் ஒத்திருக்கின்றன. முப்பது ஆண்டு கடந்து, உரியவர் காவலிலிருந்து வரும் ஆவணத்தின் கையெழுத்தை மெய்யென ஊகிக்கலாம் என 90 ஆம் பிரிவு இடந்தருகின்றது. பாட்டனார் காலத்து ஓலைக்கு அச்சலுகை பொருந்தவுங் கூடும். வெண்ணெய்நல்லூர் அவை அத்தகைய சலுகை எதனையும் முதியவருக்கு அளிக்கவில்லை. நம்பி தோற்றார் என அது தீர்த்தபோது, நம்பியே மறுத்துரைக்க வழியின்றி உடன்படுகின்றார்.

இனி, இவ்வழக்கில் ஒரு குறை காணலாம். தீர்ப்புக் கூறியபின்னரே அவையோர் முதியவரை நோக்கி, ஓலையில் இவ்வூரினர் எனக் கண்ட உமது மனையையும் வாழ்வையும் எமக்குக் காட்டுக என்கின்றனர். வழக்காளி யார் என்பது முதலிலன்றோ ஆராயப்படல் வேண்டும்? இரு விடைகள் கூறலாம். நம்பி முதியவரின் ஊரைப் பற்றி எவ்விடத்தும் ஐயுறவில்லை. வெண்ணெய்நல்லூரே உம் ஊராயின் ஆங்கே வழக்காடுவோம் என்று அவரே புறப்பட்டவர். இருதிறத்தாரும் ஏற்ற ஒன்றை எண்பிக்க வேண்டுவதில்லை என்பது 58 ஆம் பிரிவு. இது சட்டத்தின் விடை. புலவரின் விடை வேறு. அவ்வினா முன்னரே எழுந்திருப்பின், முதியவர் முன்னரே திருவருட்டுறைக் கோயிலினுள் மறைந்திருப்பார். வழக்கு அற்புதமாய் முடிந்திருக்கும். எவரும் எதனையும் ஆராய்ந்திருக்கமாட்டார். சேக்கிழார் அதற்கு இடங்கொடுக்கவில்லை. தீர்ப்பு முடியும்வரை இறைவன் மனிதர் வகுத்த மூன்று சான்றுகளுக்கும் கட்டுப்பட்டு நிற்கின்றான். தெய்வப் பரீட்சை வேண்டாதபடி தெய்வமே ஓலையோடு வந்து நிற்கின்றது. அற்புதம் அவைக்குப் புறத்தே, தீர்ப்புக்குப் பின்னரே நிகழ்கின்றது.

கூர்மதியுடைய மாணவர் சிலர் இங்கே ஒரு தடை எழுப்புவதுண்டு. கயிலையில் அளித்த வாக்கை நிறைவேற்றவே இறைவன் வந்தான் என்று புராணம் கூறுகின்றது. அங்ஙனமாயின் ஓலை இறைவன் ஆக்கியதன்றோ, ஆக்கிய ஓலை பொய்யோலை அன்றோ என்பர். இத்தடையைக் கடிந்து அடக்குதல் ஆசிரியர்க்கு அழகன்று. சான்றியற் சட்டம் இதற்கு நல்ல விடை தருகின்றது. எண்பிக்கப்பட்டது என்பதற்கு 3 ஆம் பிரிவு தரும் பொருள் மெய்யானது என்பதன்று. நீதிமன்று ஒன்றை உண்டென நம்புதல், அல்லது முன்மதியுடையோன் அதனை உண்டெனக் கொண்டு செயற்படத்தகும் அளவுக்கு அது நிகழக்கூடியதெனக் கருதுதல் என்பதே அதன் பொருள். அவைக்கு எட்டியது எண்பிப்பு. நம்பி இறைவனுக்கு என்றும் ஆளானவர் என்னும் மெய் அவைக்கு எட்டாதது. அது கோயில் வாயிலில் நம்பி ஒருவர்க்கே விளங்கியது. எண்பிப்பும் மெய்யும் வெவ்வேறு என்பதையும், மெய்யை அறிந்தோனும் எண்பிப்பைப் புறக்கணித்தல் ஆகாது என்பதையும் சேக்கிழார் உணர்ந்திருந்தார். சோழ மன்னனிடம் முதலமைச்சராய் இருந்தவர் என மரபு கூறும் புலவர்க்கு இவ்வுணர்வு இருந்ததில் வியப்பில்லை.

இவ்வுணர்வின் அருமையை மதுரை வழக்கோடு ஒப்பிட்டாற் காணலாம். பொற்கொல்லன் கோவலனிடம் சிலம்பைக் கண்டான். தேவியின் சிலம்பைத் தான் கவர்ந்ததை மறைக்க இவனைக் கள்வன் என அரசனுக்கு அறிவித்தான். தேவியின் ஊடலைத் தணிக்க விரைந்து சென்ற அரசன், சிலம்பு அவன் கையில் இருப்பின் அவனைக் கொன்று அதனைக் கொணர்க எனக் காவலரை ஏவினான். களவுபோன பொருளை அண்மையில் வைத்திருப்பவன் கள்வன் அல்லது களவுப்பொருளென அறிந்து பெற்றவன் என ஊகிக்கலாம் என்பது 114 ஆம் பிரிவின் முதலாவது உதாரணம். பாண்டியன் செய்த ஊகமும் இதுவே எனலாம். ஆயின், அவ்வுதாரணத்தில் ஒரு நிபந்தனை உண்டு: அவன் அப்பொருள் தனக்கு வந்தவாற்றைக் கூறமாட்டானாயின் என்பது. அந்த நிபந்தனையிலேயே கோவலனின் உயிர் தங்கியிருந்தது. அவனை எவரும் வினவவில்லை. மேலும், அவன் கையிலுள்ளது களவுபோன அதே சிலம்பு என்பதே இன்னும் நிறுவப்படவில்லை. ஒரு சிலம்பு மற்றொரு சிலம்பைப் போல்வது சான்றாகாது.

காவலர் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என ஐயுற்றனர். அவ்வையம் நல்லெண்ணத்தின் பயனேயன்றிச் சான்றன்று. அதனை வெல்லப் பொற்கொல்லன் கூறியதும் சான்றன்று. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர் துணைக்கொள்ளும் எட்டினையும் விரித்து அவன் நிகழ்த்தியது களவு நூற் சொற்பொழிவு. கள்வரைப் பற்றி எல்லாங் கூறினான். கோவலனைப் பற்றி ஒன்றுங் கூறவில்லை. பொதுவுண்மைகளை அடுக்கிக் குறித்த ஒருவன்மேற் பழியேற்றும் இம்முறை இன்றும் வழக்கொழியவில்லை. கூறுவோனுக்கு இதில் நயம் உண்டோ என்னும் எளிய வினாவையும் எவரும் கேட்கவில்லை. ஐயமுற்றோர் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாக் களிமகன் ஒருவன் வாளோச்சிவிட்டான்.

கண்ணகி அரசவையில் வந்து வழக்குரைத்தபோதுதான் சான்றியல் முறை அங்குத் தொடங்குகின்றது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் கூறுகின்றாள். தேவியின் சிலம்பின் பரல் முத்து என்று அரசன் கூறுகின்றான். உடைத்துப் பார்க்குமுன் இருவரும் தத்தம் கூற்றாற் கட்டுண்டனர்; கண்டபின் கதையை மாற்ற இருவருக்கும் வழியில்லை. கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பு முன்வைக்கப்பட்டது, கண்ணகி உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. பொருளைக் கொண்டே பொருளை அறியும் இத்தகைய சோதனையிலும் தெளிவான ஒன்றை எந்நூலிற் காணமுடியும்? இச்சோதனைக்குச் சென்ற நேரம் எத்துணை? சிலம்பொன்றை உடைக்கும் நேரம். அந்நேரத்தைப் பாண்டியன் முதல் நாளிற் செலவிட்டிருப்பின் கோவலன் இறந்திரான், பாண்டியனும் இறந்திரான். தன் பிழையை உணர்ந்த கணமே உயிர்நீத்த அரசனின் பெருமையை நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். ஆயினும், உயிர்கொடுத்தும் மீட்கமுடியாத பிழையை ஒரு வினாவினால் தவிர்த்திருக்கலாம் என்பதையும் மாணவர்க்குக் கூறுதல் வேண்டும். ஊழ் எனக் கூறி அமைந்தால் அவ்வினாவை நாமும் கேளாதவராவோம்.

இவ்வாறு நோக்கின், இரு வழக்குகளும் ஒன்றையொன்று விளக்குவன. வெண்ணெய்நல்லூரில் வழக்கின் பொருள் நம்புதற்கரியது; ஆயினும் ஆராய்ந்தனர். மதுரையில் நம்புதற்கு எளியது, ஆதலால் ஆராயவில்லை. எளிதில் நம்பத்தக்கதாகத் தோன்றுவதே மிகுந்த ஆராய்ச்சிக்குரியது என்னும் பாடத்தை இரண்டும் சேர்ந்தே தருகின்றன.

எனினும், முறை செவ்விதாக இருந்தால் முடிவும் செவ்விதாகும் எனக் கொள்ளலாகாது. பாட்டன் எழுதிய ஓலை பேரனை அடிமையாக்கும் என்பது வெண்ணெய்நல்லூர் அவை வினாவின்றி ஏற்ற சட்டம். அந்தணர் அடிமையாதல் உண்டோ என்று கேட்டோர், மனிதர் அடிமையாதல் தகுமோ என்று கேட்கவில்லை. சோழர் காலத்தில் மக்கள் தம்மையும் தம் வழியினரையும் கோயில்களுக்கு அடிமையாய் எழுதிக்கொடுத்த செய்திகளைக் கல்வெட்டுகள் தருகின்றன. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் அடிமைகளைப் பற்றிய விதிகள் இருந்தன. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844 இலேயே. சான்றியற் சட்டம் நிகழ்ந்தது யாது என அறிய உதவும்; அறிந்தபின் நடைமுறைப்படுத்தும் சட்டம் அறமுடையதோ என்பதை அது கூறாது. ஆண்டான் இறைவனாதலால் இங்கே அடிமை வீடுபேறாயிற்று. மனிதன் ஆண்டானாகும் இடத்துக்கு இவ்வழக்கை முன்மாதிரியாகக் காட்டுவோர் சேக்கிழாரைப் பிழைபட உணர்ந்தோராவர்.

இறுதியாக ஒன்று. தமிழ் கற்கும் நாமும் நாள்தோறும் படியோலைகளோடு பழகுகின்றோம். பழைய நூல்களை இயற்றிய புலவர் தம் கையால் எழுதிய ஏடுகள் அழிந்தன. படிகளின் படிகளே நம்மை வந்தடைந்தன. அவற்றைத் தேடி ஒப்புநோக்கி அச்சேற்றியோருள் சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை முன்னவர், 1887 இற் கலித்தொகையை அச்சிற் கண்டவர். அவர் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றியவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இவ்வேடு யாரிடமிருந்து வந்தது, எப்பொழுது எழுதப்பட்டது, வேறொன்றோடு ஒக்குமோ என்பன நீதிபதியின் வினாக்கள். பதிப்பாசிரியரின் வினாக்களும் அவையே. புலவர் ஒருவரின் காலத்தையோ சமயத்தையோ பற்றி உரத்த குரலிற் பேசுமுன், நம்மிடம் இருப்பது ஆட்சியோ, ஆவணமோ, காட்சியோ, அன்றிக் கேள்விச் செய்தியோ என்று நாம் ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

உயர்வகுப்பு மாணவர் தடுத்தாட்கொண்ட புராணத்தையும் வழக்குரை காதையையும் அடுத்தடுத்துப் படிப்பாராக. படிக்குங்கால் ஒவ்வொரு கூற்றின் அருகிலும், இதனைக் கூறுபவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார், அவருக்கு இதில் நயம் உண்டோ, மறுதிறத்தார் வினவப்பட்டனரோ என நான்கு வினாக்களைக் குறிப்பாராக. அவருட் சிலர் பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் சான்றியற் சட்டம் பயிலக்கூடும், பலர் பயிலார். பயிலாதோரும் நாளை பெற்றோராயும் ஆசிரியராயும் அதிகாரிகளாயும் அமர்ந்து, பிறர்மேற் கூறப்படும் பழியைக் கேட்டு முடிவு கூறவேண்டியவரே.